இறுக்கி மூடிய பாட்டில்

எங்கள் வீட்டில் காலி பாட்டில் என்று ஒன்று கிடையாது. காலியான மறுநிமிடமே அதற்கு நான் வேறு வேலை கொடுத்துவிடுவேன். ஜாம் பாட்டிலில் பொத்தான்கள், காபித்தூள் டப்பாவில் மிளகாய்த்தூள், இருமல் மருந்து பாட்டிலில் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய். சர்க்கரை என்று எழுதிய டப்பாவில் உப்பு வந்து குடியேறியதற்கு ஒரு பெரிய கதையே உண்டு, அது இப்போது வேண்டாம். எங்கள் சமையலறையில் லேபிளை நம்பியவன் கெட்டான், முகர்ந்து பார்த்தவன் பிழைத்தான். கல்யாணமான புதிதில் உப்புப் போட்ட காபியை ஒரே மடக்கில் குடித்த என் வீட்டுக்காரர் அன்றைக்கே இந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டார்.

அவருக்கு லிஃப்ட் பராமரிப்பு வேலை. கட்டிடம் கட்டிடமாகப் போய், லிஃப்ட் ஓடும் குழிக்குள் இறங்கி, வடத்தையும் சக்கரத்தையும் பிரேக்கையும் பார்த்துவிட்டு வருவார். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு ‘கிரீஸ்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். “கெட்டத சரி பண்றவன் மெக்கானிக். கெடாம பாத்துக்கறவன்தான் மெயின்டனன்ஸ்” என்பது அவருடைய வேதம். ஆறு பேர் ஏறுகிற பெட்டியின் உயிர் ஒரு டப்பா எண்ணெயில் இருக்கிறதாம், அதனால் லேபிளை இரண்டு முறை படிக்காமல் எதையும் ஊற்ற மாட்டார். சமையலறையில் மூக்கு, வெளியே லேபிள். இரண்டு ராஜ்யத்துக்கும் நடுவில் இத்தனை வருடமாகச் சண்டை வந்ததில்லை.

மகளுக்கு ஆஸ்பத்திரி பரிசோதனைக்கூடத்தில் வேலை கிடைத்தது. ரத்தம் சோதிக்கிற வேலை. ஆஸ்பத்திரி ஊரின் அந்தக் கோடியில், ஒரு நீண்ட இறக்கத்தின் அடியில் இருக்கிறது. விடியற்காலை ஷிஃப்டுக்கு அந்தப் பக்கம் பஸ் கிடையாது. அதற்காகத்தான் இந்தப் பழைய காரை வாங்கினோம். வெள்ளை நிறம், கதவோரம் மட்டும் துரு. நான் அதற்கு ‘ரெண்டாந்தாரம்’ என்று பெயர் வைத்தேன்.

“முதல் வீட்டுல என்ன பாடு பட்டுதோ, நாமதான் நல்லா வச்சுக்கணும்” என்றார் இவர், பானெட்டைத் தடவிக்கொண்டே. என்னை அப்படி ஒரு நாளும் தடவிக் கேட்டதில்லை.

மகள் ஓட்டப்போகிறாள் என்றதும், ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது என்று தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டேன். “அந்த நேரத்துல நானே கூப்பிட்டாலும் எடுக்காத” என்றேன். “நீதான்மா கூப்பிடுவ, வேற யாரு கூப்பிடப்போறா” என்று சிரித்தாள்.

வண்டி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, வீட்டு வாசலில் ஒரு பழைய பெட்ஷீட்டை விரித்துப் படுத்துவிட்டார் இவர். “வித்தவன் என்ன சொன்னாலும் நம்பக்கூடாது. இன்னிக்குத்தான் பொறந்ததுன்னு நெனச்சு எல்லாத்தையும் மாத்திடணும்.” இன்ஜின் ஆயில், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கூலண்ட், துடைப்பான் ரப்பர் எல்லாம் மாறியது. கடைசியில் பிரேக் ஆயில். அதற்கு இரண்டு ஆள் வேண்டுமாம். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்தின் அடியில் ஒரு சின்ன திருகைத் திறந்து பழைய எண்ணெயையும் காற்றையும் வெளியே விட வேண்டும்.

நான் வீட்டில் தையல் தைக்கிறவள். முன்னறையில் என் மெஷின். பாதி ஆயுள் காலால் மிதித்தே போயிருக்கிறது. அதனால் என்னை உட்காரவைத்தார்.

“அழுத்து.”

அழுத்தினேன்.

“பிடி… அப்படியே பிடி… விடு.”

நாலு சக்கரத்துக்கும் இதே பாட்டுத்தான். பெடல் முதலில் சேற்றில் கால் வைத்தது போல உள்ளே போனது, போகப்போக உறுதியாக நின்றது. “கால்னா இது கால்” என்று அடியிலிருந்து குரல் வந்தது. அவர் வாயால் இப்படி ஒரு பாராட்டு வந்து எத்தனை காலம் ஆயிற்று! நானும் கொஞ்சம் பூரித்துத்தான் போனேன்.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மகள் எண்ணெய் தொட்டியின் மூடியை எடுத்துக் கொடுக்கப்போனாள். “கையத் தொடச்சிட்டுத் தொடு” என்று அதட்டினார். “இதுக்குள்ள வேற எண்ணெய் ஒரு துளி போனாக்கூட உள்ள இருக்கற ரப்பரெல்லாம் ஊதிடும். ஊதினா பிரேக் பிடிச்சது விடாது. அப்புறம் சூடேறி, வேணுங்கறப்போ பிடிக்காது.” நான் ஸ்டியரிங்கின் பின்னால் உட்கார்ந்து அதைக் கேட்டேன். காதால் கேட்டேன், அவ்வளவுதான்.

இரண்டு பாட்டில் வாங்கியிருந்தார். ஒன்று தீர்ந்தது. மற்றதில் முக்கால் மிச்சம், அதை மாடிப்படிக்கு அடியில் தன் சாமான் தட்டில் வைத்தார். காலி பாட்டில் என் கண்ணில் பட்டது. கூரான மூக்கு வைத்த நல்ல கெட்டி பாட்டில். என் மெஷினுக்கு எண்ணெய் பெரிய கேனில்தான் வாங்குவேன், அதிலிருந்து சொட்டுச் சொட்டாக விட இப்படி ஒரு மூக்கு வேண்டுமென்று எத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, மெஷின் எண்ணெய் நிரப்பி, பொத்தான் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். லேபிள் புதுக்கருக்கு அழியாமல் அப்படியே இருந்தது. அதைக் கிழிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இந்த வீட்டில் நான் எந்த லேபிளைக் கிழித்திருக்கிறேன்?

சில வாரம் வண்டி பூப்போல ஓடியது. மகள் வேலைக்குப் போய் வந்தாள். ஒரு ஞாயிறு மாலை இவர் மறுபடி பானெட்டைத் திறந்து தலையை விட்டுக்கொண்டிருந்தார். நான் ஒரு கல்யாண ரவிக்கையோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன், வாயில் குண்டூசிகள். அவர் உள்ளே வந்ததும் போனதும் தெரியும். என்ன எடுத்தார் என்று நிமிர்ந்து பார்க்கவில்லை.

திங்கள்கிழமை சாயங்காலம் மகள் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: “அப்பா, பிரேக் ஏதோ இறுக்கமா இருக்கு. கால எடுத்தாலும் வண்டி சட்டுனு உருளமாட்டேங்குது.”

“அதான் நல்ல பிரேக்குக்கு அடையாளம்” என்றார் இவர். “பழைய ஆயில்ல ஓட்டிப் பழகின வண்டி. இப்பதான் கெட்டியா பிடிக்குது. நேத்துகூட கொஞ்சம் குறைஞ்சிருந்துது, ஊத்தி வச்சேன்.”

“கிரீஸ் சொல்லிட்டா அப்பீலே கிடையாது” என்று நான் வேறு ஒத்து ஊதினேன். மூவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

செவ்வாய்க்கிழமை அவளுக்குப் பகல் ஷிஃப்டு. காலையில் முதலில் இவர், பிறகு மகள், இருவரும் கிளம்பிப் போனார்கள். நான் மெஷினில் உட்கார்ந்தேன். சக்கரம் கிறீச்சென்றது. எண்ணெய் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினேன், வரவில்லை. முந்தானையைச் சுற்றித் திருகினேன், அப்போதும் வரவில்லை. எனக்கு விரல் மூட்டில் வலி உண்டு, நான் எந்த மூடியையும் இறுக்குவதில்லை. மேலே வைத்து ஒரு சுற்று, அவ்வளவுதான். இந்த வீட்டில் மூடியை இப்படி முறுக்குகிறவர் ஒருவர்தான். அவர் மூடிய குழாயை மறுநாள் நாம் கும்பிட்டுத்தான் திறக்க வேண்டும்.

பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். நான் கழுத்துவரை நிரப்பியது. இப்போது தோளுக்குக் கீழே இறங்கியிருந்தது. இத்தனை நாளில் நான் விட்டது பத்துச் சொட்டு இருக்குமா?

“நேத்துகூட கொஞ்சம் குறைஞ்சிருந்துது, ஊத்தி வச்சேன்.”

எழுந்து மாடிப்படிக்கு அடியில் ஓடினேன். அவருடைய பாட்டில் ஸ்பேனர் பெட்டிக்குப் பின்னால் முக்கால் நிறைந்தபடியே நின்றது. ரப்பரெல்லாம் ஊதிடும், வேணுங்கறப்போ பிடிக்காது. அன்றைக்கு வெறுங்காதால் கேட்டது இப்போது ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வந்தது.

மகளுக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டேன். எடுக்கமாட்டாள். ஏன் எடுக்கப்போகிறாள்? நானே கூப்பிட்டாலும் எடுக்காதே என்று சத்தியம் வாங்கிய மகராசி நான்தானே. அந்த இறக்கம் கண்ணுக்கு முன்னால் வந்தது. கீழே போகப்போக வளைவு, வளைவு முடிந்ததும் ஆஸ்பத்திரி வாசல், வாசலில் எப்போதும் ஜனம்.

இவருக்குப் போட்டேன். குழிக்குள் இருந்தால் அவருக்கு சிக்னல் கிடைக்காது. அலுவலகத்துக்குப் போட்டு, “அவர மேல கூப்பிடுங்க, இப்பவே கூப்பிடுங்க” என்று கத்தினேன். அங்கிருந்தவர் பயந்துபோய் “என்னாச்சு அக்கா?” என்று கேட்டார், “மொதல்ல கூப்பிடுங்க” என்றேன். ஒரு யுகம் கழித்து இவர் குரல் வந்தது.

“என்னங்க, ஞாயித்துக்கிழம பிரேக்ல ஊத்துனீங்களே, எந்த பாட்டில்ல இருந்து ஊத்துனீங்க?”

“உன் மெஷின் பக்கத்துல இருந்துதே. நீதான் எடுத்து வச்சிருப்பேன்னு நெனச்சேன். ஏன்? படிச்சுப் பாத்துதான் ஊத்தினேன்.”

“அதுல மெஷின் எண்ணெய் இருந்துதுங்க.”

திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவரோ, “கிளம்பிட்டாளா?” என்றார்.

“கிளம்பிட்டா.”

“ஆஸ்பத்திரி ரோட்டுக்கு வா. நானும் வரேன்.”

வாடகை வண்டி பிடித்தேன். ஓட்டுநர் மெதுவாகப் போவதாக எனக்குப் பட்டது. “கொஞ்சம் வேகமாப் போங்க தம்பி” என்று சொல்லிவிட்டு, அவர் வேகம் எடுத்ததும் “பாத்து, பாத்து” என்றேன். அவர் கண்ணாடியில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கும்பல் கூடிய இடமெல்லாம் என் மகள் கிடப்பது போலத் தெரிந்தது. ஒரு இடத்தில் நாலு பேர் குனிந்து நின்றார்கள், என் உயிரே போய்விட்டது. கிட்டே போனால் யாரோ ஒருவர் கொட்டிவிட்ட சில்லறையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

போன் அடித்தது. மகள்.

“அம்மா, எதுக்கும்மா இத்தன தடவ கூப்பிட்ட? வண்டி நின்னுடுச்சும்மா. மேட்டு சிக்னல்ல. கருகல் நாத்தம் அடிக்குது, முன் சக்கரத்துல இருந்து பொகை வருது. பின்னாடி இருக்கறவங்க எல்லாம் திட்றாங்க.”

“எறங்கிட்டியா?”

“எறங்கிட்டேன்.”

“எறங்கி தள்ளி நில்லுடி” என்று சொன்னேன். அதற்கப்புறம் வாடகை வண்டியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ஓட்டுநர் ஒன்றும் கேட்காமல் ஓட்டினார், நல்ல மனிதர்.

மேட்டு சிக்னல் என்பது இறக்கம் தொடங்கும் இடம். சிக்னலுக்கு அந்தப் பக்கம் சாலை தலைகுப்புறக் கீழே போகும். நான் போய்ச் சேர்ந்தபோது சக்கரச் சூடு தணிந்ததும் யாரோ வண்டியை ஓரமாகத் தள்ளி விட்டிருந்தார்கள். அவள் ஒரு பூட்டிய கடையின் படியில் உட்கார்ந்திருந்தாள், ஆஸ்பத்திரிக் கோட்டு மடியில். இவர் எனக்கு முன்பே வந்து, வேலை உடுப்போடு பானெட்டைத் திறந்து நின்றுகொண்டிருந்தார்.

“சிவப்பு விழுந்துதும்மா. மிதிச்சேன், நின்னுது. பச்சை வந்ததும் கால எடுத்தா நகரவே இல்ல. ஆக்சிலரேட்டர அழுத்தினா உறுமுது, நகரல” என்றாள். “பச்சையாவே இருந்திருந்தா நேரா எறங்கியிருப்பேன்.”

அதைச் சொல்லிவிட்டு அவளே கீழே போகும் சாலையைப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை.

இவர் அவளுடைய தண்ணீர் பாட்டிலைக் கேட்டு வாங்கினார். அதன் மூடியில் தண்ணீர் ஊற்றி, பிரேக் தொட்டியிலிருந்து ஒரு குச்சியால் தொட்டு அதில் சொட்டினார். “பிரேக் ஆயில்னா தண்ணியில கரைஞ்சிடும்” என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார். கரையவில்லை. கண் கண்ணாக மேலே மிதந்தது. மகள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

“என் தப்புதான்மா” என்றார் அவளிடம். “அவசரத்துல பாட்டில மாத்தி எடுத்துட்டேன்.”

எனக்குச் சுருக்கென்றது. என்னைக் காப்பாற்றப் பார்க்கிறார். எனக்கு யார் காப்பும் வேண்டாம்.

“பாட்டில சரியாத்தான் எடுத்தாரு. உள்ள இருந்ததுதான் என்னோடது” என்றேன். காலி பாட்டில் கதையைச் சொன்னேன்.

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சின்ன வயதில் எங்கள் சண்டைக்கு நடுவில் நின்று பார்ப்பாளே, அதே பார்வை. என் மேல் பாய்வாள் என்று காத்திருந்தேன். அவளோ அப்பாவைப் பார்த்து, “நேத்து நான் சொன்னேன்லப்பா. இறுக்கமா இருக்குன்னு சொன்னேன்ல” என்றாள்.

அவர் முகத்தை நான் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. அவருடைய வேலையே அதுதான். மேலே ஏறி இறங்குகிறவர்கள் ஏதோ சத்தம் கேட்கிறது என்று சொன்னால், லிஃப்டை நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். யாரோ முகம் தெரியாதவர் சொன்னால் நிறுத்துகிறவர், பெற்ற பெண் சொன்னதற்குச் சிரித்தார். ஒத்து ஊதியவள் நான்.

அந்த வாரம் அவள் விடியற்காலை ஷிஃப்டை வேறொருத்தியிடம் மாற்றிக்கொண்டு பஸ்ஸில் போனாள். வண்டியைக் கட்டி இழுத்து வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தோம். ரப்பர் எல்லாவற்றையும், எண்ணெய் போகும் வழியில் இருந்த எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. இவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “ஒர்க் ஷாப்லயே குடுத்துடவா? அவங்க பண்ணா உனக்கும் தைரியமா இருக்கும்.”

“நீங்களே பண்ணுங்கப்பா. ஆனா ஆயில் ஊத்தும்போது நான் பக்கத்துல இருக்கணும்.”

லீவு போட்டுவிட்டு சக்கரம் சக்கரமாகக் கழற்றிப் பார்த்தார். என்னோடு பேசினார், பேசாமல் இல்லை. “அந்தத் துணிய குடு”, “வெளிச்சத்த இப்படிப் பிடி”. பாட்டிலைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒருநாள் பொறுக்கமாட்டாமல், “ஏதாவது கேட்டுத் தொலைங்களேன்” என்று கத்தினேன். “என்னத்தக் கேக்கறது? முப்பது வருஷமா சமையலறைல எதையும் மோந்து பாக்காம வாயில வச்சதில்ல. அன்னிக்கு மூக்கு எங்க போச்சுன்னு என்னையே கேட்டுட்டிருக்கேன்” என்றார். அதற்குமேல் நான் கத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி நான் ஓட்டுநர் இருக்கையில், அவர் புது பாட்டிலோடு வெளியே. கடை முத்திரை உடையாத பாட்டில். லேபிளை இரண்டு முறை படித்தார். முத்திரையை உடைத்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். தொட்டியின் மேல் சாய்க்கப்போனபோது, “இருங்கப்பா” என்றாள் மகள்.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். பாட்டிலை வாங்கி இரண்டு சொட்டு விட்டாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஆஸ்பத்திரியில் யாரோ ஊர் பேர் தெரியாதவரின் ரத்தத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். சொட்டு கீழே இறங்கிக் கரைந்து காணாமல் போனது. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ம், ஊத்துங்க.”

முத்திரையை அவள் கண்ணெதிரில்தான் உடைத்தார். எங்கள் கையால் ஊட்டியதைக் கண்ணை மூடிக்கொண்டு தின்ற பெண் இவள். இப்படிச் சோதித்துப் பார்ப்பதுதான் அவளுக்கு நல்லது என்பதும் தெரிந்தது. தெரிந்ததால் வலி ஒன்றும் குறையவில்லை.

“அழுத்து” என்றார் அடியிலிருந்து. அழுத்தினேன். “பிடி… விடு.” முடிக்க வெகுநேரம் ஆனது. இந்த முறை காலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

எல்லாம் முடிந்து அவர் கை கழுவி வந்ததும் மகள் சாவியை எடுத்தாள்.

“ஏறுங்க ரெண்டு பேரும்.”

“எங்கடி?”

“அந்த இறக்கத்துக்கு. மொதல் தடவ மூணு பேரும் போகலாம்.”

நான் முன்னால் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன், இவர் பின்னால். தெருவுக்குள்ளேயே இரண்டு மூன்று முறை மிதித்து மிதித்துப் பார்த்தாள். நன்றாகத்தான் நின்றது, காலை எடுத்ததும் உருண்டது. மேட்டு சிக்னலில் பச்சை. நிற்காமல் இறங்கினோம். பின்னால் இவர் ஜன்னலுக்கு வெளியே காதை வைத்துச் சக்கரச் சத்தம் கேட்டுக்கொண்டு வந்தார். முதல் வளைவில் அவள் மிதித்தாள், வண்டி பணிந்தது. இரண்டாவது வளைவிலும் பணிந்தது.

“அம்மா” என்றாள் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். “கால எடு. அங்க பிரேக் இல்ல.”

குனிந்து பார்த்தேன். என் வலது கால் வெறும் தரையை முழு பலத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது.

“தெரியும்” என்றேன். காலை எடுக்கவில்லை.